கத்தரிக்காயில் ஆழ்துளை

பொய்யான ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதியதுதான் நான் செய்த குற்றம். பிழையோடு எழுதியிருந்தால் யாரேனும் ஒருவர் நின்று திருத்தியிருப்பார். திருத்தும்போது பொருளையும் ஒருமுறை பார்த்திருப்பார். பிழையற்ற வாக்கியத்தை எவரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. வெள்ளை வேட்டி கட்டியவரைச் சோதனைச் சாவடியில் விட்டுவிடுவது போல விட்டுவிடுகிறார்கள்.

அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவை ஒட்டிய பூங்காவில் காலையில் நடப்பவர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறோம். பூங்கா வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. நாள்தோறும் அதில் ஒரு சிந்தனை எழுதும் பொறுப்பு என்னுடையது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்குச் சிந்தனைகள் வற்றாது என்று மன்றத்தார் நம்பினர். மூன்றாம் மாதமே வற்றிவிட்டது. அப்படி ஒரு நாள் சுண்ணக்கட்டியோடு நின்றபோதுதான் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. மரபணு மாற்றிய கத்தரிக்காய் சந்தைக்கு வந்துவிட்டதாம். அதன் உள்ளே நஞ்சு வைக்கப்பட்டிருக்கிறதாம். புழு இல்லாமல் பளபளவென்று இருப்பதே அடையாளமாம். செய்தியோடு ஒரு படம்: உருண்ட கத்தரிக்காய் ஒன்றில் மருத்துவமனை ஊசி ஒன்று பாதி இறங்கி நின்றது.

நான் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் அழகுபடுத்தவும் செய்தேன். பலகையில் எழுதினேன்: “புழு தீண்டாக் காய், நாம் வேண்டாக் காய்.” எழுதுமுன் ‘தீண்டாக் காய்’ என்பதில் ஒற்று மிகுமா என்று இலக்கண நூலைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்படியொரு கத்தரிக்காய் நம் சந்தையில் உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை.

நான்காம் நாள் அந்த வாக்கியம் என் கைப்பேசிக்கே திரும்பி வந்தது. இப்போது அதன் மேல் சடைமுடியும் வெண்தாடியுமாக ஒரு முனிவர் அமர்ந்திருந்தார். “அன்றே சொன்னார் சித்தர்! ஒவ்வொரு தமிழனும் பகிர வேண்டும்” என்று கீழே எழுதியிருந்தது. எந்தச் சித்தர் என்பது இல்லை. மறுத்து எழுத வேண்டும் என்று விரல் துடித்தது. ஆனால் நெஞ்சின் ஒரு மூலையில், நான் கட்டிய தொடரைச் சித்தர் வாக்கென்று ஊர் ஏற்றுக்கொண்டதே என்ற பெருமிதம் கூச்சமின்றி உட்கார்ந்திருந்தது. விரலை அதுதான் தடுத்தது. உண்மையைச் சொல்வதானால், அந்தப் படத்தை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.

வாக்கியம் முதலில் பாய்ந்தது என் கணவர் மீது. சொன்னதைச் செய்ய வேண்டும் என்ற கொள்கையால் நான் சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கத் தொடங்கினேன். ஒரு கிலோ வாங்கினால் அரிந்து கழித்தபின் குழம்புக்குக் கால் கிலோ தேறும்.

“ஏம்மா, இன்னிக்குக் கொழம்புல காயி எத்தன, புழு எத்தன?” என்பார் அவர், கரண்டியால் துழாவியபடி.

“புழுவையெல்லாம் எடுத்தாச்சுங்க.”

“எடுத்த பொறகும் காயி மிச்சமிருக்குதா? கெட்டிக்காரிதான்.”

அடுத்துப் பாய்ந்தது என் தம்பி மீது. அவனைப் பற்றிச் சொன்னால்தான் இந்த வாக்கியம் என்ன செய்தது என்பது விளங்கும்.

தம்பி புதுச்சத்திரத்தில் இருக்கிறான். பதினெட்டு ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். ஆந்திரம், சத்தீசுகர், மத்தியப் பிரதேசம் என்று அவன் கால் படாத ஊர் உண்டு. அவன் துளை படாத ஊர் இல்லை. மகள் பிறந்த செய்தி கிடைத்தபோது அவன் எங்கோ ஒரு கருங்கல் காட்டில் அறுநூறாவது அடியில் இருந்தான். கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு காது மந்தப்பட்டுவிட்டதால், பேசினால் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரிக்கை விட்டு ஊரோடு வந்து, அரை ஏக்கரில் கத்தரி நட்டான்.

அவன் நட்ட நேரமும், எங்கள் மன்றம் ஒரு பழைய திருமண மண்டபத்தின் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை தொடங்கிய நேரமும் ஒன்றாயின. உழவர்கள் நேரே கொண்டுவந்து விற்கலாம். பத்துப் பேருக்குத்தான் இடம். நான் சொல்லித் தம்பிக்கு ஓர் இடம் கிடைத்தது. மண்டிக்குப் போனால் எல்லார் காயும் ஒரே குவியல். இங்கே அவன் காய் அவன் காயாக நின்றது. அந்த இடம் நிலைத்தால் ஊரில் இருப்பது, நிலைக்காவிட்டால் மறுபடி ரிக்குக்குப் போவது என்று அவனும் அவன் மனைவியும் பேசி முடிவு செய்திருந்தனர். திருச்செங்கோட்டு ரிக் முதலாளியோ வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, “எப்பப்பா வார?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தம்பியின் காயில் புழு இல்லை. அது மருந்து அடித்ததாலும் அன்று, மாயத்தாலும் அன்று. கத்தரியைக் கெடுக்கும் புழு முதலில் தண்டின் நுனியில் நுழையும். நுழைந்த நுனி வாடித் தொங்கும். விடியற்காலையில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வாளியோடு சால் சாலாக நடந்து, வாடிய நுனிகளையெல்லாம் கிள்ளிச் சேர்த்து எரிப்பார்கள். அந்துப்பூச்சியைப் பிடிக்க வயலில் ஆங்காங்கே டப்பாப் பொறி கட்டியிருந்தார்கள். புழு காய்க்குப் போகுமுன் அதன் கதை முடிந்துவிடும். ஒரு நாள் தவறினாலும் பலனில்லை. அப்படிப் பாடுபட்டு விளைவித்த மாசற்ற காயைக் கொண்டுவந்து குவித்தால், சந்தைக்கு வந்தவர்கள் அதைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

“ஏனுங்க, ஒரு சொத்தைகூட இல்லீங்களே?” என்று ஓர் அம்மையார் கேட்டார்.

“இல்லீங்க! ஒண்ணுகூட இருக்காதுங்க!” என்றான் தம்பி, பெருமை தாங்காமல், நாலு வீட்டுக்குக் கேட்கும் குரலில்.

அந்த ஒரு வாக்குமூலம் போதுமானதாக இருந்தது. அன்று ஐந்து பெட்டியில் நான்கரைப் பெட்டி திரும்பிப் போனது. அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டாம் ஞாயிறு பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் திரும்ப ஏற்றும்போது என்னிடம் கேட்டான்:

“ஏனக்கா, ஆரோ சித்தரு சொல்லீட்டாராமா, புழு தொடாத காய மனுசன் தொடக்கூடாதுன்னு? நீங்க படிச்சவங்க. அப்படிப் பாட்டு இருக்குதா?”

“எனக்குத் தெரிந்து இல்லை” என்றேன். சித்தர் பாட்டைப் பொறுத்தவரை அது உண்மையே. உண்மையின் அந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பலகையில் எழுதியது நான்தான் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் பலகையில் பொறுமையைப் பற்றி எழுதிவைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு நான் சந்தைக்குச் சற்றுத் தாமதமாகப் போனபோது தம்பியின் பெட்டிகள் காலியாகக் கவிழ்ந்திருந்தன. கடைசிக் காய்களைப் போட்டி போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் காயிலும் ஓட்டை.

“புழு வந்துவிட்டதா?” என்று மெல்லக் கேட்டேன்.

“வர வெச்சாச்சுங்க்கா!” என்றான் அவன், அவனுக்கு இயன்ற அளவு மெல்ல.

வர வைப்பது என்றால் என்ன என்பது அடுத்த சனிக்கிழமை பிற்பகல் புதுச்சத்திரத்துக்குப் போனபோது தெரிந்தது. பம்பு அறையின் நிழலில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கத்தரிக்காய்க் குவியல். ஆளுக்கொரு கோணி ஊசி. தம்பி ஒரு காயை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், காம்புக்குக் கீழே இடம் குறித்தான், ஊசியை நேராக இறக்கினான், ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தான். நிலத்தில் நீரோட்டம் பார்க்கும் அதே முகக்குறி.

“இதென்ன வேலை?” என்றேன்.

“போர் போடறமுங்க்கா. ஆயிரம் அடி போட்டவன், அரை அங்குலம் போட மாட்டனா?”

அவன் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: “அண்ணி, ரெண்டு ஓட்ட போட்டதுதான் வெரசாப் போவுது. மூணு போட்டுப் பாத்தோம், அது ஆகாது. ரொம்பச் சொத்தைங்கறாங்க.”

“நாலு வருசமாகும் இந்தப் புழுவ ஒழிக்கறதுக்குன்னு சொன்னாங்க. ஒரு வருசத்துல ஒழிச்சேன். இப்ப அதுக்குப் பதுலா நானே உக்காந்து ஓட்ட போடறேன்” என்றான் தம்பி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கையிலிருந்த காயை அவன் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. ஊதா நிறத்தில், தண்ணீர் தெளித்தாற்போல் மின்னிய காய். அதில் ஊசியை இறக்குமுன் ஒரு கணம் தயங்கினான். பிறகு இறக்கினான்.

“அந்தச் சித்தரு மட்டும் என்ற கையில கெடச்சாருன்னா…” என்று அடுத்த காயை எடுத்தான்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஊசி குத்துவதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, முகம் இல்லை. நிறுத்து என்றால் ஏன் என்பான். ஏன் என்றால் சித்தரைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாளே தம்பி அகப்பட்டுக்கொண்டான்.

எங்கள் மன்றச் செயலாளர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். முந்தின ஞாயிறு வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த துளைக் காய்களை அவர் வீட்டில் அரிந்திருக்கிறார்கள். எட்டுக் காயிலும் ஓட்டை இருந்தது. ஒன்றிலும் புழு இல்லை. புழுவின் எச்சமும் இல்லை. மற்றவர்களாக இருந்தால் நல்ல காலம் என்று வதக்கியிருப்பார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துளைகளை ஆராய்ந்தார். ஞாயிறு காலையில் அந்த எட்டு அரைக்காய்களையும் ஒரு தட்டில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

“இது புழு போட்ட ஓட்டையில்லீங்க” என்றார், தட்டை எல்லாருக்கும் காட்டி. “புழு கோணலாப் போவும், திரும்பும், நின்னு திங்கும். இது ஒரே சைசு, ஒரே ஆழம், தூக்குக்குண்டு உட்டாப்புல நேரு. நாப்பது வருசம் தகட்டுல ஓட்ட போட்டவனுங்க நானு. இது ட்ரில்லு.”

“அப்ப ஊசி போட்டிருக்கான்!” என்றது ஒரு குரல்.

“படம் வந்துச்சே, அதே மாதிரி! மரபணுவ உள்ள ஏத்தீருக்கான்!”

“ஏப்பா, ஊசி போட்டயா இல்லையா?” என்று செயலாளர் கேட்டார்.

தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னாலும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. “போட்டனுங்க!” என்றான்.

அதற்குப்பின் முற்றத்தில் யார் பேசினார், யார் கேட்டார் என்று பிரிக்க முடியவில்லை. முந்தின வாரம் சாப்பிட்ட கத்தரிக்காயால் தமக்கு முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவர் முழங்கால் வலி மன்றம் தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. நல்ல வேளையாகக் கீரைக் கட்டோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடுத்த தெருவில் குடியிருப்பவர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வேளாண்மைத் துறையில் அலுவலர். அவர் ஒரு காயை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், வைத்தார்.

“இது கோணி ஊசிங்க” என்றார். “ஊசியால மரபணுவ ஏத்த முடியாது. அது என்ன காய்ச்சல் மருந்தா? மரபணு மாத்தறதுன்னா ஆய்வுக்கூடத்துல செடியோட செல்லுல சேர்த்து, அதுலேருந்து முழுச் செடியா வளர்த்து எடுக்கணும். விதையிலயே இருக்கும். காய்ச்சுத் தொங்கறதுல ஊசி குத்துனா ஓட்டைதான் விழும்.”

“அப்ப மரபணு மாத்துன கத்திரிங்கறதே பொய்யிங்களா?”

“பொய்யில்ல. இருக்குது. மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியாவோட மரபணுவச் சேர்த்து உண்டாக்குனாங்க. அந்தச் செடியத் தின்னா இந்தத் துளைக்கிற புழு செத்துப்போகும். ஆனா நம்ம நாட்டுல அதப் பயிர் பண்ண அனுமதி இல்ல, நிறுத்தி வெச்சிருக்காங்க. பக்கத்து நாட்டுல பயிரும் பண்றாங்க, சாப்பிடவும் சாப்பிடறாங்க.”

“புழு செத்தா மனுசன் சாவ மாட்டானா?” என்றார் முழங்கால்காரர்.

“புழு வயிறு வேற, உங்க வயிறு வேற. அந்தப் புரதம் வேலை செய்யறதுக்கு அந்தப் புழுவோட குடல் வேணும். ஆடு எருக்கந்தழை திங்குது. நீங்க தின்னு பாக்கறீங்களா?”

அவர் பார்க்க விரும்பவில்லை.

“அப்பப் பயமே வேண்டாங்கறீங்களா?” என்று செயலாளர் விடாமல் கேட்டார்.

“அப்படியும் சொல்லல. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாச் சோதிக்கணும். விதை யார் கையில இருக்குது, பக்கத்து வயல் நாட்டு ரகத்தோட கலக்குமா, புழு பழகிக்கிட்டா அப்புறம் என்ன பண்றது, இதெல்லாம் கேக்க வேண்டிய கேள்வி. நல்லாக் கேளுங்க. பளபளன்னு இருந்தா விஷம், பெரிசா இருந்தா விஷம்ங்கறது கேள்வியே இல்ல. ஒட்டு விதை வேற, விதையில்லாத திராட்சை வேற, இது வேற.”

செயலாளர் முகம் மாறியது. “விதையில்லாத திராச்ச அதுல சேராதுங்களா? ரெண்டு வருசமா நான் தொடலீங்களே!”

“யாரு தொட வேண்டாம்னா? அது ரொம்பக் காலமா இருக்கறதுங்க. நம்ம நாட்டுல அனுமதி வாங்கி உழவர் வயலுக்குப் பரவலா வந்தது பருத்தி ஒண்ணுதான்.”

“அப்பாடா! பருத்திய ஆருங்க திங்கறா?”

“பருத்திக்கொட்டைய உங்க மாடு திங்குதே.”

எல்லாரும் செயலாளர் பக்கம் திரும்பினார்கள். நாமக்கல்லுக்கு வெளியே தம் தோட்டத்தில் செயலாளர் இரண்டு மாடுகள் வைத்திருப்பதும், பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றி வளர்த்த மாட்டுப் பால் என்று மன்றத்தில் நாள் தவறாமல் பெருமை பேசுவதும் எல்லாருக்கும் தெரியும்.

“என்ற மாட்ட எதுக்குங்க இழுக்கறீங்க?” என்றார் அவர்.

“மாடு நல்லா இருக்குது, பாலும் நல்லா இருக்குது. எதத் தின்னாலும் வயித்துல செரிச்சுடும். வைக்கோல் தின்ன மாட்டுப் பாலுல நெல்லா முளைக்குது?”

கூட்டம் சிரித்தது. செயலாளருக்கு மூச்சு வந்தது. அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்துவிடும் என்று நானும் நம்பத் தொடங்கிய நேரத்தில், அலுவலர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“சரிங்க, நல்ல காயில எதுக்கு ஊசி குத்துனீங்க? குத்துன காய் ரெண்டு நாளுல அழுகிடுமே?”

“சித்தரு சொன்னாருன்னு குத்துனனுங்க! புழு இல்லாட்டி ஆரும் வாங்கலீங்க. ரெண்டு வாரம் அப்படியே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனனுங்க. இந்த எடம் போச்சுன்னா நான் சத்தீசுகருக்குத்தான் போவோணும்.”

அவன் சொன்னபோது குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அதுதான் என்னை அசைத்தது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து முன்னே வந்தேன்.

“அந்தச் சித்தர் நான்தானுங்க” என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் தாடியைத் தேடியிருக்கலாம்.

“பூங்காப் பலகையில் நான் எழுதியது அது. எவர் பாட்டும் அன்று. கைப்பேசியில் வந்ததை விசாரிக்காமல் நம்பி எழுதினேன். தவறு என்னுடையது.”

மன்னிப்புக் கேட்பவரை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் விடலாம். நம்பாமல் விடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செயலாளர் தலையை ஆட்டினார்.

“அம்மா, தம்பியக் காப்பாத்தோணும்ங்கறது நாயந்தானுங்க. அதுக்குன்னு சித்தர் வாக்கையே உங்குளுதுன்னு சொல்லலாமுங்களா? அடுக்குமுங்களா?”

“எங்க மாமியாரு உசுரோட இருந்தப்பவே சொல்லுவாங்க, அந்தப் பாட்ட” என்றார் ஓர் அம்மையார். “ராகமாப் பாடுவாங்க.”

வாழ்நாளில் முதல்முறையாக என் படைப்புக்கு உரிமை கோரினேன். முதல் நாளே வழக்கில் தோற்றேன். அப்போது, என்னோடு சந்தைக்கு வந்திருந்த என் கணவர் பையைக் கீழே வைத்தார்.

“இவ எழுதுனதுதானுங்க” என்றார். “எனக்குத் தெரியும். மொதல்ல ‘புழு விரும்பாக் காய், நாம் அரும்பாக் காய்’னு எழுதுனா. அரும்பாக் காய்ன்னா என்னன்னு கேட்டேன், பதுல் இல்ல. அப்புறம் ‘புழுவுக்கு வெறுப்பு, நமக்கு மறுப்பு’ன்னா. அது தேர்தல் சொவத்துல எழுதற மாதிரி இருக்குதுன்னேன். காப்பி ஆறிப்போச்சு. மூணாவதா வந்ததுதான் இது. அன்னைலேர்ந்து நான் புழுக் கத்திரிக்காதான் திங்கறேன்.”

‘அரும்பாக் காய்’ என்று எந்தச் சித்தரும் சொல்லியிருக்க மாட்டார் என்பது அனைவருக்கும் பட்டது. என் நல்ல வாக்கியம் பெற்றுத்தராத நம்பிக்கையை என் மோசமான வாக்கியம் பெற்றுத்தந்தது. மாமியார் பாடியதாகச் சொன்ன அம்மையார் மட்டும், “அது வேற பாட்டு போலிருக்குது” என்று தம் மாமியாரைக் காப்பாற்றிக்கொண்டார்.

தம்பி என்னையே பார்த்தான்.

“ஏனக்கா… நீங்களா?”

“ஆமாம்.”

“நேத்துப் பம்பு ரூம்பு நெழல்ல உக்காந்து நான் குத்தறதப் பாத்தீங்களே, அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

திரும்பினான். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். “விடுங்க. ரிக்கு ஓனரு இன்னிக்குக் காத்தாலயும் கூப்புட்டாரு. அங்க நான் போட்ட ஓட்டைல தண்ணி வந்தாப் போதும். புழு இருக்குதான்னு ஆரும் கேக்க மாட்டாங்க.”

செயலாளர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். மன்றத்தின் விதிகளை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். கெட்ட காயை நல்லதென்று விற்றால் இடம் பறிபோகும் என்று விதி இருந்தது. நல்ல காயைக் கெட்டதென்று ஏமாற்றி விற்றவனை என்ன செய்வது என்று எவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. கடைசியில் சொன்னார்:

“ஓட்ட ஓட்டதானப்பா. ஒரு ஞாயித்துக்கெழம நீ வர வேண்டாம். அதுக்கடுத்த வாரம் குத்தாத காயக் கொண்டா. சனங்க வாங்குனா எடம் உன்றது. மறுபடி திரும்பிப் போச்சுன்னா, காளான்காரரு ஒருத்தரு ரெண்டு மாசமாக் காத்துட்டிருக்காரு, அவருக்குக் குடுத்தர்றேன்.”

எனக்கும் ஒரு கடன் இருந்தது. பலகையில் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். அலுவலரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். உண்மை பதினொரு வரிகள் வந்தது. அனுமதி பெற்றது எது, பெறாதது எது, அனுமதி வேறு தீங்கு வேறு, ஒட்டு வேறு மரபணு மாற்றம் வேறு, இன்னும் முடிவாகத் தெரியாதவை யாவை என்று எதையும் விடாமல் எழுதினேன். எதுகைக்கு முயன்றேன்; அமையவில்லை. ‘ஆயினும்’ என்ற சொல்லை மூன்று இடங்களில் போட வேண்டியிருந்தது. நடப்பவர்கள் நின்று முதல் வரியைப் படித்தார்கள். இரண்டாம் வரியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

“சுருக்கமாச் சொல்லுங்கம்மா, தின்னலாமா வேண்டாமா?” என்றார் முழங்கால்காரர்.

“என் தம்பியின் காயைத் தின்னலாம்.”

“அத மட்டும் எழுதிருக்கலாமில்ல?”

ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை. சித்தர் படமோ இன்றைக்கும் ஊர்ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் திருச்சியிலிருந்து என் மாணவி ஒருத்தி, “அம்மா, உங்களுக்குப் பிடிக்கும்” என்று எனக்கே அனுப்பியிருந்தாள்.

அந்த இரண்டு வாரமும் தம்பி என் அழைப்பை எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்தாள். “கோவமெல்லாம் இல்லீங்க அண்ணி, செடில இருக்காரு” என்பாள். பின்னாலிருந்து, “கோவந்தான்னு சொல்லு!” என்று குரல் வரும், நாலு வீட்டைத் தாண்டி.

குறித்த ஞாயிறன்று நான் விடியுமுன்பே முற்றத்தில் நின்றேன். குட்டியானை வந்தது. ஐந்து பெட்டிகளை இறக்கினார்கள். மாசு மருவற்ற காய். பின்னாலேயே தம்பி மனைவி ஒரு பெரிய அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதில் வாடிய கத்தரிக் கொழுந்துகள் குவிந்திருந்தன. அன்று காலையிலும் முந்தின நாளும் வயலில் கிள்ளியவை. சட்டியைக் காய்களுக்கு நேர் முன்னால் வைத்து உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் செயலாளர். காயைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

“இதென்னம்மா, குப்பையா?”

அவள் ஒரு கொழுந்தை எடுத்து நகத்தால் நெடுகக் கிழித்தாள். உள்ளே தண்டின் நடுவில், இளஞ்சிவப்பில், விரல் நகம் அளவு ஒரு புழு சோம்பல் முறித்தது.

“உங்குளுக்கெல்லாம் புழு வேணுமில்லீங்களா?” என்றாள். “இந்தாங்க, புழு எல்லாம் இங்க இருக்குது. அதுக காயிக்கு வாரதுக்குள்ள நாங்க கிள்ளிப்போட்டோம். இது இருந்த செடில காய்ச்ச காயி அதுங்க. எண்ணிப் பாக்கோணும்னாலும் எண்ணிக்குங்க.”

செயலாளர் எண்ணவில்லை. ஆனால் தாமே ஒரு கொழுந்தை எடுத்துக் கிழித்தார். புழு இருந்தது. இன்னொன்று கிழித்தார். அதிலும் இருந்தது. அவர் முகத்தில் நாற்பது ஆண்டுப் பட்டறையின் மரியாதை தெரிந்தது. “கோணலாத்தான் போயிருக்குது. சரியான புழு” என்றார். ஐந்து கிலோ போடச் சொன்னார்.

அதற்குமேல் விற்பனையை யாராலும் தடுக்க முடியவில்லை. நான் பதினொரு வரியில் சொல்லி எவரும் கேட்காததை, அந்தச் சட்டி ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு கொழுந்தைக் கிழித்துப் பார்த்தார்கள். வீட்டுக்குக் காட்ட ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு. ஒன்பதரை மணிக்குக் காளான்காரர் வந்து கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, செயலாளரிடம் வேறு இடம் ஏதும் உண்டா என்று விசாரித்துக்கொண்டு நின்றார்.

தம்பியின் கைப்பேசி ஒலித்தது. அவன் தராசை விடாமல், தோளுக்கும் காதுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டான். எந்தக் காது என்று பார்த்தேன், கேட்கும் காதுதான்.

“வணக்கமுங்க, ஓனருங்களா? இல்லீங்க… வரலீங்க. நாத்து உட்டாச்சுங்க, அடுத்த நடவுக்கு. முக்கா ஏக்கரா… இல்லீங்க, வேற ஆளப் பாத்துக்குங்க. நான் சந்தைல நிக்கறனுங்க. வெச்சர்றேன்!”

முற்றம் முழுவதும் கேட்டது. அவன் மனைவி தலையைக் குனிந்து, காலிப் பெட்டிகளை மிக மும்முரமாக அடுக்கினாள்.

கூட்டம் கரைந்தபின் நான் பையை நீட்டினேன். இரண்டு வாரமாக என்னோடு பேசாத தம்பி கடைசிப் பெட்டியைத் தலைகீழாகத் தட்டிக் காட்டினான்.

“உங்குளுக்கு இல்லீங்க்கா. தீந்துபோச்சு. அடுத்த வாரம் நேரமே வந்து வரிசைல நில்லுங்க.”

“அக்காவுக்கென்று ஒரு கிலோ எடுத்து வைக்கக் கூடாதா?”

“ஆரு வந்தாலும் வரிசைதான்” என்றான். பிறகு என் கணவரைப் பார்த்து, “மாமா, உங்குளுக்கு வேணும்னா வண்டில ரெண்டு கிலோ இருக்குது. வாங்க” என்றான்.

கணவர் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வண்டியை நோக்கி நடந்தார்.